பனி அன்பளிப்பு: டொரதி லோண்ட்ரி

...அதத்தான் நானும் கேட்டேன் சேர். நாப்பத்தாறு வருஷமா இந்தக் கூரை எங்க தலைக்கு மேலதானே இருக்கு, ஒரு நாளாவது கீழ எறங்கி வந்து யாரையாவது கடிச்சிச்சா? இல்லதானே? அதுக்கு அந்த லேபர் ஒப்பீஸ் மிஸ் என்னா சொன்னாங்க தெரியுமா? "அது கடிக்காது மிஸிஸ் டொரதி, நீங்க அதச் சொரண்டாம இருந்தா சரி"ன்னாங்க. வயசுக்கு மூத்த பொம்பளகிட்ட இப்பிடியா கதைக்கிறது! உக்காருங்க, உக்காருங்க, நின்னுக்கிட்டே இருக்கீங்க. அந்தக் கதிரைய இழுத்து வாசப் பக்கமாப் போட்டுக்கங்க, உள்ள ஒரே புழுக்கம்... பாத்து, பாத்து, அந்த நீலப் பைய மிதிச்சிடாதீங்க.

பேரு என்னா சொன்னீங்க? ரொனி சேர். நாவலப்பிட்டியில இருந்து இங்கத்த ஸ்கூலுக்கு மாத்தலாகி வந்திருக்கீங்க. வந்து மூணு மாசம் ஆகல்ல, அதுக்குள்ள பாதர் ஒங்கள கிறிஸ்மஸ் குடிலுக்குப் பொறுப்பாப் போட்டுட்டாரு. அதுதான் நம்ம பாதர். புதுசா யாரு கோயிலுக்கு வந்தாலும் மூணாவது ஞாயித்துக்கிழமை அவங்க கையில ஒரு வேலை இருக்கும். பாலன் குடிலுக்குப் பனி வாங்க வந்தேன்னீங்க. தெரியும் சேர், தெரியும். நவம்பர் கடைசி வந்தா வத்தேகமக் கோயில்ல இருந்து யாராவது பனிக்கு வருவாங்க. பதினொரு வருஷமா அப்பிடித்தான். நான் வாசல்ல பையக் கட்டி வச்சிருப்பேன், வர்றவங்க எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கிறதும் இல்ல, தூக்கித் தோள்ல போட்டுக்கிட்டு பஸ் ஏறிடுவாங்க. இந்த வருஷம் அதுல ஒரு சின்ன... ஒரு சின்ன விஷயம் இருக்கு. சொல்றேன். அதச் சொல்லத்தான் உக்காரச் சொன்னேன்.

என்னா? பிள்ளைகள் காத்துக்கிட்டு இருக்குதா? இப்பவா? கோயில்லயா? வைக்கோல் எல்லாம் போட்டு முடிஞ்சு பனி தூவுறது மட்டும்தான் பாக்கியா... சரி சரி. வெளங்குது. பஸ் இருக்கு சேர், இருபது நிமிஷத்துக்கு ஒண்ணு இருக்கு. ஷிரோமி! சேருக்கு ஒரு பிளேன்டீ கொண்டா! இஞ்சி தட்டிப் போடு! கேட்டிச்சா? அந்த மெஷின் சத்தத்துல அவளுக்குக் கேட்டிருக்காது. ஷிரோமி!

நான் தேச்சுக்கிட்டே கதைக்கிறேன், கோவிச்சுக்காதீங்க. இது பாதரோட பீட விரிப்பு. இந்த லேஸ்ல இருந்து கண்ண எடுத்தா முடிஞ்சிச்சு, கருகிடும். காது ஒங்க பக்கம்தான் இருக்கு.

மொதல்ல அந்த மிஸ் வந்த கதையச் சொல்றேன், அப்பத்தான் பனிக் கதை வெளங்கும். அவங்களா வரல்ல சேர். நான்தான் கூப்பிட்டேன். கண்டி வாவிப் பக்கத்துல ஒரு ஹோட்டல், பேரு வேணாம், அவங்க பெட்சீட், துவாய் பூராவும் நம்மகிட்டதான் வெளுக்க வருது. அங்க புதுசா ஒரு மெனேஜர் வந்து, "அன்டி, ஒங்க எடம் வேலை செய்ற ஆக்களுக்குப் பாதுகாப்பான எடம்னு ஒரு கடிதம் வேணும், ஃபைல்ல போட"ன்னான். கடிதம்தானே! லேபர் ஒப்பீஸுக்கு ஒரு கோல் எடுத்தா யாராவது வந்து கையெழுத்த வச்சிட்டு டீயக் குடிச்சிட்டுப் போயிடுவாங்கன்னு நெனச்சேன். நானே கோல் எடுத்தேன். ரெண்டு தடவ லைன் கெடைக்கல்ல. மூணாவது தடவயும் விடாம எடுத்தேன். கர்த்தர் ரெண்டு தடவ தடுத்துப் பாத்திருக்காரு, எனக்குத்தான் புத்தி வரல்ல.

வந்தாங்க. சின்ன உருவம், பெரிய பேக். கையில டோர்ச். மொகத்துல மாஸ்க். கொரோனா முடிஞ்சு எவ்வளவு காலம்! டீ குடிக்கிறீங்களான்னு கேட்டேன், வேணாம்னாங்க. டீ வேணாம்னு சொன்ன ஒப்பீசர நான் இது வரைக்கும் பாத்ததில்ல.

மேல அண்ணாந்து பாத்தாங்க. "அஸ்பெஸ்டஸ் சீட்டு. பாசி இல்லாம சுத்தமா இருக்கே, யாரு கழுவுறது?"ன்னு கேட்டாங்க. நான் பெருமையாச் சொன்னேன், சித்திரைக்குச் சித்திரை இரும்புப் பிரஷ் போட்டு ஒரச்சுக் கழுவுவோம் மிஸ், வீடு மாதிரி வச்சிருக்கோம்னு. எழுதினாங்க. அவங்க எழுத எழுத எனக்கு இன்னும் சொல்லணும் போல இருந்திச்சு சேர். கொடிக்கம்பி இழுக்க எத்தன ஓட்டை போட்டோம், அன்டெனாவுக்கு எத்தன ஓட்டை, போன மழைக்கு ஒடைஞ்ச துண்ட எப்பிடி வெளக்குமாத்தால கூட்டி அள்ளினோம்... எல்லாத்தையும் ஒப்புவிச்சேன். எழுதுறாங்கன்னா நல்லதுக்குத்தான் எழுதுறாங்கன்னு நெனச்சிட்டேன். மூணு பக்கம் எழுதிட்டு நிமிந்து பாத்து, "இதுல ஒண்ணக்கூட இனிமே செய்யக்கூடாது"ன்னாங்க.

சீட்டு ஒடையாம இருந்தா அது பாட்டுக்கு இருக்கட்டுமாம். சொரண்டக்கூடாது, துளைக்கக்கூடாது, ஒடைஞ்சாலும் காய்ஞ்சபடி கூட்டக்கூடாது, தண்ணி தெளிச்சு நனைச்சுத்தான் எடுக்கணும். அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத நார் இருக்காம். மூச்சுல உள்ள போனா வெளிய வராதாம். இருபது வருஷம், முப்பது வருஷம் சத்தமில்லாம இருந்துட்டு பெறகுதான் வேலையக் காட்டுமாம். நான் சொன்னேன், மிஸ், என் சொந்தக்காரங்ககூட அவ்வளவு பொறுமையா இருந்ததில்லையேன்னு. சிரிக்கல்ல. இப்பிடி ஒரு மனுஷி!

விடுவேனா நான்? தெல்தெனியால என் தங்கச்சி லிண்டா இருக்கா. அவ வீட்டுல கோழிக்கூட்டுக்குக்கூட இந்தச் சீட்டுத்தான். கோழி எல்லாம் நல்லாத்தானே இருக்குன்னு கேட்டேன். "ஒங்க தங்கச்சி கோழிய எத்தன வருஷம் வச்சிருப்பாங்க?"ன்னு கேட்டாங்க. கிறிஸ்மஸ் வரைக்கும்னேன். "அப்ப அதுக்கு இருபது வருஷம் கெடைக்காது"ன்னாங்க. அதோட கோழிக் கதைய விட்டுட்டேன்.

பெறகுதான் அந்தக் கொப்பி. தடிச்ச அட்டை போட்ட சி.ஆர். கொப்பி ஒண்ணு வாங்கி கோடு போட்டு எழுதணுமாம். இந்த எடத்துல அஸ்பெஸ்டஸ் எங்கெங்க இருக்கு, என்னா நெலமையில இருக்கு, யாரு யாருக்குச் சொல்லியிருக்கு, யாரு யாரு தொட்டிருக்காங்க. தேடிக் கண்டுபிடிக்கிறது மொதலாளி வேலையாம் சேர்! எனக்குத் தெரியாதுங்களேன்னேன். தெரியாட்டி இருக்குன்னு வச்சுக்கிட்டு நடக்கணுமாம், இல்லைன்னு காட்டுற வரைக்கும். எந்த ஊரு ஞாயம் இது? அவங்க போன பெறகு நான் ஒரு நாள் பூரா எதப் பாத்தாலும் இருக்குமோ இருக்குமோன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். சோத்துச் சட்டியத் தொறந்தாலும் அதே யோசன.

அதுல கடைசியா ஒரு கட்டம் இருக்கு. "வேற எங்கயாவது இருக்கா, யாருக்காவது குடுத்தீங்களா"ன்னு. அதுல மட்டும் இன்னும் ஒண்ணும் எழுதல்ல. வெறுமையா விட்டிருக்கேன். எழுதுவேன். பேனை சரியா எழுதுதில்ல.

என்னா சேர், கடிகாரத்தப் பாக்கிறீங்க? இந்தா வந்துட்டேன் பனிக்கு. பனின்னா சும்மா இல்ல சேர், ஒங்களுக்குத் தெரியாது, நீங்க புதுசு. கண்டிப் பக்கத்துல எத்தன கோயில் குடில் பாத்திருப்பீங்க? எல்லாத்துலயும் பஞ்சு. ஆஸ்பத்திரிப் பஞ்சப் பிச்சுப் போட்டுட்டு பனின்னு சொல்லுவாங்க. சூசையப்பருக்குக் காலு ஒடைஞ்சு கட்டுப் போட்ட மாதிரி இருக்கும். நம்ம கோயில்ல மட்டுந்தான் நெசப் பனி மாதிரி, மாவாட்டம், ஒட்டகத்து முதுகுல, இடையன் தொப்பியில எல்லாம் படிஞ்சு இருக்கும். மொத வருஷம் அப்ப இருந்த பாதர், "பெத்லகேம்ல இவ்வளவு பனி பெய்யாது டொரதி"ன்னாரு. அடுத்த வருஷம் ஒக்டோபர்லயே அவரே கோல் எடுத்து, பனி இருக்கான்னு கேட்டாரு. கிறிஸ்மஸ் தாள்ல ஒவ்வொரு வருஷமும் அச்சடிப்பாங்க, பூ அன்பளிப்பு இன்னார், கேக் அன்பளிப்பு இன்னார், கடைசியில பெரிய எழுத்துல: பனி அன்பளிப்பு, டொரதி லோண்ட்ரி. பதினொண்ணையும் ஃபைல்ல போட்டு வச்சிருக்கேன். பாக்கிறீங்களா? சரி, பெறகு பாக்கலாம்.

மூணாவது வருஷம் நடந்தது இன்னும் பெருசு. குடிலுக்குள்ள மெழுகுதிரி சாஞ்சு வைக்கோல் பத்திக்கிச்சு. பூசை நேரம்! ஆடு எரிஞ்சிச்சு, மூணு ராசாவுல ஒருத்தரு எரிஞ்சாரு, நெருப்பு பாலன்கிட்ட வந்து அப்பிடியே நின்னு போச்சு. ஏன்னா பாலனச் சுத்தி பனி. பனி எரியல்ல சேர்! கருகக்கூட இல்ல! பஞ்சா இருந்தா என்னா ஆகியிருக்கும்? கோயிலே அழுதிச்சு. புதுமை, புதுமைன்னு சொல்லி சனம் வந்து ஆளுக்கு ஒரு சிட்டிகை கைக்குட்டையில முடிஞ்சுக்கிட்டுப் போச்சு. வீடு வீடா இன்னும் இருக்கு. அலுமாரியில, தாலிக்கொடி வச்சிருக்கிற டப்பாவுல, பாஸ்போர்ட்டுக்குள்ள. ஒரு பொம்பள சொகமில்லாத பிள்ளைக்குத் தலகணிக்குள்ள வச்சுத் தச்சா. நான்தான்... நான்தான் நூல் கோத்துக் குடுத்தேன்.

ஆங்... ஹோர்ன் அடிக்கிறான். வத்தேகம பஸ்தான். இந்த டிரைவர் இப்பிடித்தான், கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி அடிப்பான். அது போகட்டும் சேர், அடுத்ததுல போகலாம். நீங்க உக்காருங்க. இந்த மூல மடிப்பு வந்தா மட்டும் என்னால கதைக்க ஏலாது, ஒரு நிமிஷம்... ம்... ம்... சரி. போயிட்டான் பாருங்க. நல்லது. இனி ஆறுதலாக் கதைக்கலாம்.

இராமையாண்ணே கதையச் சொல்லாம இது முடியாது. பின்னால இருக்கிறாரே, எங்க பொயிலர்காரரு. இருபத்திரெண்டு வயசுல என் மாமனார்கிட்ட வந்தவரு, இப்ப அறுபத்தாறு. நான் கல்யாணம் முடிச்சு வரும்போதே அவரு இங்க சட்டம் கதைச்சுக்கிட்டு இருந்தாரு. கரண்ட் மெஷின் வர்ற வரைக்கும் நீராவி பொயிலர்தான் எங்களுக்கு. ஏதோ தேயிலைத் தோட்டத்துல ஏலத்துல எடுத்தது, பன்னெண்டு வருஷமா நெருப்புக் காணல்ல, பின் அறையில அப்பிடியே நிக்குது. தூக்க ஏலாது, யானை கனம். அதுக்கு மேல வெள்ளையா தடிப்பமா ஒரு பூச்சு. சூடு வெளிய போகாம இருக்க. ஜாக்கெட்டுன்னு சொல்லுவோம். வெடிச்சா இராமையாண்ணே கையாலயே கொழச்சு அப்புவாரு, சோறு பெசையிற மாதிரி.

அந்த மிஸ் டோர்ச்ச அடிச்சு அந்தப் பொயிலரப் பாத்தாங்க சேர். பாத்துட்டு ஒரு அடி பின்னால வந்தாங்க. கூரையப் பாத்து அப்பிடி வரல்ல. ஒரு துளி நனைச்சு எடுத்து டப்பாவுல போட்டு டெஸ்டுக்கு அனுப்பிட்டு, அறையப் பூட்டுங்க, சாவி ஒங்ககிட்ட இருக்கட்டும், ஒருத்தரும் உள்ள போகக்கூடாது, இந்த மனுஷன எக்ஸ்ரே எடுக்க அனுப்புங்க, அதுவும் ஒங்க பொறுப்புன்னாங்க. நான் சொன்னேன், அவருக்கு மூச்சு வாங்குறது பீடியால மிஸ், நான் எத்தனையோ தடவ ஏசியிருக்கேன்னு. இராமையாண்ணே மெதுவாச் சொல்றாரு: "நான் பீடி குடிக்கிறதில்லையேம்மா." நாப்பத்துநாலு வருஷமா இங்க வேலை செய்றாரு சேர்! எனக்குத் தெரியாது. அவரு மூச்சு வாங்குறப்ப எல்லாம் பீடிய விடுங்க, பீடிய விடுங்கன்னு சொல்லியிருக்கேன், அவரும் சரிம்மா சரிம்மான்னு சொல்லியிருக்காரு. சொல்ல வேணாமா மனுஷன்!

டெஸ்ட் கடிதம் திங்கக்கெழமை வந்திச்சு. இருக்குதாம். கூரைச் சீட்ட விட மோசமாம், சீமெந்துக்குள்ள கட்டுப்பட்டு இல்லாம கைபட்டாலே உதிருதே, அதால. அதே நாள்தான் எக்ஸ்ரேயும். டொக்டர் வெளிச்சத்துல தூக்கிக் காட்டினாரு. ரெண்டு பக்கமும் ஓரத்துல வெள்ளை வெள்ளையாத் திட்டு. படி ஏற வேணாம், ஓட வேணாம், பாரம் தூக்க வேணாம்னாரு. இராமையாண்ணே அந்தப் படத்த வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தாரு. பாத்துட்டு என்னா சொன்னாரு தெரியுமா... "நம்ம கோயில் பனி மாதிரியே இருக்குங்கம்மா"ன்னாரு.

சொல்லிட்டேன். இதுதான் சேர் அந்தச் சின்ன விஷயம். பனின்னு ஒண்ணும் இல்ல. அது அந்த ஜாக்கெட்தான்.

நீங்க ஒண்ணும் சொல்லாம இருக்கிறீங்க. சொல்லாதீங்க, நான் முடிச்சிடுறேன், நிறுத்தினா பெறகு வராது. பொயிலர் ஓய்ஞ்ச வருஷம் அதத் தூக்கிப் பாக்கலாம்னு ஆறு பேரு சேந்து தள்ளினாங்க. அது அசையல்ல, மேல இருந்து பொடியாக் கொட்டிச்சு. கூரையில ஒரு கண்ணாடிச் சீட்டு இருக்கு, அதுல வந்த வெயில்ல அப்பிடியே மெதந்து மெதந்து வந்திச்சு. இராமையாண்ணே தல பூரா வெள்ளை. கிறிஸ்மஸ் கார்ட் மாதிரி இருந்திச்சு சேர், அவ்வளவு வடிவு. அந்த யோசன வந்தது எனக்குத்தான். வேற யாருக்கும் இல்ல. வருஷா வருஷம் நவம்பர்ல ஒரு சனிக்கெழமை, இராமையாண்ணே கரண்டியால சொரண்டுவாரு, நான் எங்க வீட்டு மாச் சல்லடையால சலிப்பேன். கட்டி இருந்தா பனி மாதிரி விழாது பாருங்க. அவரு இந்து. நம்ம கோயில் பக்கம் ஒரு நாளும் வந்ததில்ல. ஆனா சாமி காரியம்னு அன்னிக்குக் குளிச்சு, மச்சம் மாமிசம் சாப்பிடாமத்தான் சொரண்டுவாரு.

எரியல்ல, எரியல்லன்னு கொண்டாடினோமே, அதயும் அந்த மிஸ்கிட்ட கேட்டேன். நேராக் கேக்கல்ல, சும்மா, இது நெருப்புல எரியுமான்னு. "எரியாது, அதுக்குத்தானே பொயிலர்ல பூசினாங்க"ன்னாங்க. ஏன் கேக்கிறீங்கன்னும் கேட்டாங்க. சும்மான்னுட்டேன்.

வேற எங்கயாவது இருக்கான்னு மூணு தடவ கேட்டாங்க சேர். மூணு தடவயும் இல்லைன்னேன். பாதருக்குச் சொல்லணும்னு திங்கக்கெழமையில இருந்து போன எடுக்கிறேன், வைக்கிறேன். இன்னிக்கு வியாழன். என்னான்னு சொல்றது? ஒங்க குடில்ல பதினொரு வருஷமா நான் தூவ வச்சது இதுதான், பிள்ளைகள் கையால அள்ளி ஊதி ஊதி வெளையாடினது இதுதான், வீடு வீடா அலுமாரியில இருக்கிறது இதுதான்னா? அந்தத் தலகணிக்காரி மொகத்த நான் எப்பிடிப் பாப்பேன்? நீங்க புதுசு, ஒங்ககிட்ட சொல்றது லேசு. அதாலதான் உக்கார வச்சேன். நீங்க போயி பாதருக்குச் சொல்லுங்க. மெதுவாச் சொல்லுங்க. இந்த வருஷம் பஞ்சுன்னு சொல்லுங்க.

போன வருஷம் சலிச்சதுல மிச்சம் ஒரு பை கெடந்திச்சு. உதிந்த பொடி எது இருந்தாலும் நனைச்சு, ரெண்டு பொலித்தீன் போட்டு, டேப் ஒட்டி, செவப்பு லேபல் ஒட்டி, பூட்டின அறையில வைக்கணும்னு அந்த மிஸ் சொல்லியிருந்தாங்க. நாளைக்குக் காலையில அதுக்குன்னு அனுமதி உள்ள ஆக்கள் லொறியில வர்றாங்க. எல்லாம் செஞ்சேன். நனைச்சேன், பொலித்தீன் போட்டேன், டேப்பும் ஒட்டினேன். லேபல் மட்டும்... அந்த ஹோட்டல் வேன்காரன் ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வர்றான் சேர். இவ்வளவு பெரிய செவப்பு லேபல், அதுல மண்டையோடு இல்லாத கொறதான். கண்டான்னா போயி அந்த மெனேஜர்கிட்டச் சொல்ல மாட்டானா? அதால லேபல மேசை லாச்சியில வச்சிட்டு, பைய ஹோட்டல் லோண்ட்ரிப் பைக்குள்ள போட்டுக் கட்டிட்டேன். பாத்தா பெட்சீட் மாதிரி இருக்கும். பின் அறைப் படியும் என்னால ஏறி எறங்க ஏலாது, லொறிக்காரன் எடுக்க லேசா இருக்கட்டும்னு இங்கயே முன்னால...

என்னா ஷிரோமி? டீயா? இப்பவா கொண்டு வர்ற, கேட்டு எவ்வளவு நேரம்! யாருக்கா? சேருக்குத்தான், வேற யாருக்கு. குடு அவருகிட்ட. எந்தச் சேரா? இந்தா, கதிரையில...

சேர்?

ரொனி சேர்!

எப்ப போனாரு? நீ பாத்தியா? எந்த பஸ்ஸுல? அந்த ஹோர்ன் அடிச்சவனா? அவன் போயி... அப்ப நான் யாருகிட்ட இவ்வளவு நேரம்... ஷிரோமி, பை எங்க? நீலப் பை! கதிரைக்குப் பக்கத்துல, ஹோட்டல் பேரு போட்டது! நீ எடுத்து உள்ள வச்சியா? வச்சேன்னு சொல்லு. ஷிரோமி, வச்சேன்னு சொல்லு!

மாதாவே. தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. நானே சொன்னேனே, கேக்காமத் தூக்கிக்கிட்டுப் போவாங்கன்னு. வந்து உக்காந்த ஒடன அதச் சொன்னேன்! வேண்டியத விட்டுட்டு அதத்தான் சொன்னேன்! அங்க பிள்ளைகள் எல்லாம் கைய விரிச்சுக்கிட்டு நிக்குது ஷிரோமி, தூவுறதுக்கு! அவரு நம்பரும் இல்ல எங்கிட்ட. பாதருக்கு அடி. அடி, அடி... எடுக்கல்லையா? திரும்ப அடி. நனைச்சதுதான்... திங்கக்கெழமை நனைச்சது. ஈரமா இருந்தா பிள்ளைகள் வெயில்ல காயப்போடும்ங்க. கெட்டிக்காரப் பிள்ளைகள். காயப்போட்டுச் சலிக்கும்ங்க. போன வருஷம் மழையில நனைஞ்சப்ப நான்தான் அப்பிடிச் செய்யச் சொல்லிக் குடுத்தேன்.

இராமையாண்ணே! இராமையாண்ணே! சந்தியில பஸ் நிக்கும், ஓடுங்க! ஓடிப் போயி மறியுங்க, நீலப் பை... இல்ல! நில்லுங்க! நில்லுங்கண்ணே, ஓடாதீங்க! கடவுளே, மறந்துட்டேன். நீங்க ஓட வேணாம். நீங்க உக்காருங்க. இந்தக் கதிரையில உக்காருங்க. இந்த டீய நீங்க குடிங்க. நான் போறேன்.

என்னா பொகை? விரிப்பா? கருகட்டும், அயனக் கழட்டிட்டு வா. ஷிரோமி, அந்தத் திரீவீல்காரனக் கூப்பிடு, வத்தேகமக் கோயிலுக்குன்னு சொல்லு, பஸ்ஸுக்கு முன்னால போகணும்னு சொல்லு. லாச்சியத் தொற, செவப்பு லேபல எடு. ஒண்ணு போதாது, இருக்கிறது எல்லாத்தையும் எடு, வீடு வீடாப் போகணும். சி.ஆர். கொப்பியயும் கொண்டா. நீ என்கூட வா, வழியில எழுதணும். கடைசிக் கட்டம், வெறுமையா இருக்கு பாரு, அதுல எழுது. கோயில். பதினொரு வருஷம். தலகணி ஒண்ணு. மிச்ச வீடுங்க பேரு நான் சொல்லச் சொல்ல எழுது.

யாரு தொட்டாங்கன்னு ஒரு கட்டம் இருக்குல்ல? அதுல இராமையாண்ணே பேரு மொதல்ல இருக்கா? போன கெழம நான்தான் எழுதினேன். அத வெட்டாத, அது உண்மதான். அதுக்கு மேல கொஞ்சம் எடம் இருக்கும் பாரு. அங்க என் பேர எழுது. சலிச்சதுன்னு எழுது. சொரண்டச் சொன்னதும் நான்தான்னு எழுது.